குழந்தைகளின் எக்மோ: ஒற்றை எண்ணை நம்பி ஹெப்பாரினைக் கூட்டக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவுக்கும், 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவியைப் பொருத்தியபோது அந்தப் பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இருவரும் பெரியவர்கள். பிறந்து மூன்றே நாளான, மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. அங்கே ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது முற்றிலும் வேறு கணக்கு. செய்திகளில் அது 'ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த மருந்து பெரும்பாலும் ஹெப்பாரின். எக்மோவில் இருக்கும் குழந்தையின் மூளையில் ரத்தக்கசிவு வருமா, ரத்தக்கட்டி போய் அடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. எக்மோ நடத்துகிற, புதிதாகத் தொடங்கப்போகிற மருத்துவமனைகளையும், ஐசியூ வாசலில் காத்திருக்கும் பெற்றோரையும் நினைத்து இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எக்மோவில் கழுத்தின் வலப்பக்கப் பெரிய சிரையிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, பம்ப் சுழற்றி, ஆக்சிஜனேட்டருக்குள் அனுப்பி, ஆக்சிஜன் ஏற்றி, சூடாக்கி, மறுபடி உடலுக்குள் விடுகிறோம். இதயமும் ஓய்வெடுக்க வேண்டுமென்றால் கழுத்துத் தமனி வழியாகத் திரும்பும். நுரையீரலுக்கு மட்டும் ஓய்வு போதுமென்றால் சிரை வழியாகவே திரும்பும். ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்ட நொடியே உறையும் வேலை தொடங்கிவிடுகிறது. நம் ரத்தநாளத்தின் உட்சுவர் செய்கிற காவல் வேலையைப் பிளாஸ்டிக் செய்வதில்லை. அதைத் தடுக்க மருந்து கொடுத்தால், உடம்பில் இருக்கும் தையல், காயம், மெல்லிய ரத்தநாளம் எல்லாம் கசியத் தயாராகின்றன. அமெரிக்காவில் 8 மருத்துவமனைகளில் 2012 முதல் 2014 வரை எக்மோவில் இருந்த 514 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவும், 37 சதவீதத்துக்குச் சற்று மேல் ரத்தக்கட்டியும் ஏற்பட்டிருந்தன. மூளைக்குள் கசிவு மட்டும் 16 சதவீதம். இரண்டு சிக்கலும் ஒரே குழந்தைக்கு, ஒரே நாளில் வருவதும் உண்டு.

அளவைப் பாருங்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி. குழாய்களும் பம்பும் ஆக்சிஜனேட்டரும் சேர்ந்த சர்க்யூட்டை நிரப்ப 250 முதல் 400 மில்லி தேவைப்படும். குழந்தையின் சொந்த ரத்தத்தைவிட இயந்திரத்துக்குள் இருப்பது கூடுதல்! அதைச் சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் ஆல்புமினும் கலந்து நிரப்பி வைத்திருப்போம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களான பிளேட்லெட் அதில் கிடையாது. இணைத்த சில நிமிடத்தில் குழந்தையின் பிளேட்லெட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், உறைவுக் காரணிகளும் (உறையவைக்கும் புரதங்கள்) குறையும். ஹெப்பாரின் ஒரு துளி போகும் முன்பே குழந்தை கசியக்கூடிய நிலைக்கு வந்தாயிற்று. சர்க்யூட் ஓடத் தொடங்கியதும் பிளேட்லெட், உறைவுக்கு இழை தரும் புரதமான ஃபைப்ரினோஜன் இரண்டையும் பார்த்து ஈடுகட்டுவதுதான் முதல் வேலை.

இனி ஹெப்பாரின். 'ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து' என்று வழக்கத்தில் சொல்கிறோம். ரத்தம் நீர்ப்பதில்லை. ஹெப்பாரினால் தனியாக எதுவும் செய்ய முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நம் ரத்தத்திலேயே ஆன்டித்ராம்பின் என்றொரு புரதம் உறைவை மெதுவாகத் தடுத்துக்கொண்டிருக்கிறது; ஹெப்பாரின் அதோடு ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைச் சுமார் ஆயிரம் மடங்காக்குகிறது. பிறந்த குழந்தைக்கு இந்த ஆன்டித்ராம்பின் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி அளவுதான். பெரியவர் அளவை எட்ட மாதங்கள் பிடிக்கும். எக்மோ சர்க்யூட் அந்தப் பாதியையும் தின்றுகொண்டே இருக்கும்.

இங்கேதான் மிகப் பழக்கமான விபத்து நடக்கிறது. இரவு, ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் எண் குறைவாக வருகிறது, ஹெப்பாரினைக் கூட்டுகிறார்கள். எண் அசையவில்லை, மறுபடி கூட்டுகிறார்கள். மணிக்கு, கிலோவுக்கு 28 யூனிட்டில் தொடங்கியது 50ஐத் தாண்டிவிடுகிறது. காலையில் வேறு காரணத்துக்காகப் பிளாஸ்மா ஏற்றுகிறார்கள். பிளாஸ்மாவின் ஒவ்வொரு மில்லியிலும் சுமார் ஒரு யூனிட் ஆன்டித்ராம்பின் உண்டு. இரவு முழுக்க வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஹெப்பாரின் மொத்தமும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்து குழந்தையின் உச்சிக்குழி புடைக்கிறது. ஆகவே மணிக்குக் கிலோவுக்கு 35, 40 யூனிட் கொடுத்தும் எண் ஏறவில்லையென்றால் அடுத்த அடி ஹெப்பாரினைக் கூட்டுவதாக இருக்கக் கூடாது. ஆன்டித்ராம்பின் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்து பிளாஸ்மாவோ ஆன்டித்ராம்பின் மருந்தோ கொடுக்க முடிவானால், கொடுக்கும் முன்பே ஹெப்பாரினை இறக்கிவிட்டு, முடிந்ததும் மறுபடி பரிசோதியுங்கள்.

தொடக்க அளவில் பெரிய சர்ச்சை இல்லை. ரத்தநாளத்துக்குள் செல்லும் குழாயான கேனுலாவைப் போடுவதற்குச் சற்று முன் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் ஒரே தடவையாக. பிறகு ஒரு வயதுக்குள் மணிக்குக் கிலோவுக்கு 28 யூனிட், அதற்கு மேல் 20 யூனிட் என்று தொடங்கலாம். சிறு குழந்தையின் உடல் ஹெப்பாரினை வேகமாக வெளியேற்றுவதால்தான் அவர்களுக்குக் கூடுதல் தேவைப்படுகிறது. மாற்றும்போது பத்து சதவீதப் படிகளாக மாற்றுவது நல்லது. அறுவை மேசையிலிருந்து நேரே எக்மோவுக்கு வந்த இதயக் குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. நெஞ்சுக் குழாயில் வடிவது மணிக்குக் கிலோவுக்கு 2, 3 மில்லிக்குக் கீழே வரும்வரை ஹெப்பாரின் தொடங்காமல் காத்திருக்கலாம், சர்க்யூட்டின் ஓட்டத்தைக் குறைக்காமல் வைத்திருந்தால்.

சர்ச்சை முழுவதும் எந்தப் பரிசோதனையை நம்புவது என்பதில்தான். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் ஏசிடி சோதனை படுக்கையருகிலேயே சில துளி ரத்தத்தில், சில நிமிடத்தில் முடிவு தரும். இலக்கு 180 முதல் 220 வினாடி என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அது திறந்த இதய அறுவை சிகிச்சைக்காக வளர்ந்த சோதனை. அங்கே கிலோவுக்கு 300, 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து 400 வினாடிக்கு மேல் கொண்டுபோவார்கள். எக்மோவின் சிறிய அளவுகளில் ஏசிடி ஹெப்பாரினைவிட மற்றவற்றையே அதிகம் காட்டும். பிளேட்லெட் இறங்கினாலும், ஃபைப்ரினோஜன் குறைந்தாலும், குழந்தை குளிர்ந்திருந்தாலும் நீளும். ஆய்வகத்தில் பிளாஸ்மா உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடியோ பிறந்த குழந்தைக்கு மருந்தே இல்லாமலும் நீண்டுதான் இருக்கும். தொடங்குவதற்கு முன் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், 'இயல்பைப் போல ஒன்றரை மடங்கு' என்ற கணக்குக்கு அடிப்படையே இல்லாமல் போகும்.

ஹெப்பாரினை நேரடியாக அளப்பது ஆன்டி டென்-ஏ சோதனை. 0.3 முதல் 0.7 யூனிட் வரை என்பது பொதுவான இலக்கு. இன்று நம்பத்தக்கது இதுதான் என்பதே எங்கள் கருத்தும். ஆனாலும் இதற்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. சோதனை நிறத்தைப் பார்த்து அளக்கிறது. சிவப்பணுக்கள் சிதைந்து பிளாஸ்மா சிவந்திருந்தாலோ, மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபின் ஏறி மஞ்சளாக இருந்தாலோ, கொழுப்புச் சத்து ஏற்றி வெண்மையாக இருந்தாலோ எண் உண்மையைவிடக் குறைவாக வரும். எக்மோக் குழந்தைகளுக்கு இந்த மூன்றும் சாதாரணம். குறைவாக வந்த எண்ணை நம்பி ஹெப்பாரினைக் கூட்டினால் நேரே கசிவில் முடியும். பிளாஸ்மாவில் கட்டற்ற ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய குழந்தைக்கு இந்த எண்ணைத் தனியாக நம்ப வேண்டாம். இன்னொன்று: சில ஆய்வகக் கிட்டுகள் சோதனைக் குழாயிலேயே ஆன்டித்ராம்பினைச் சேர்க்கின்றன. குழந்தையின் உடம்பில் அது இல்லாவிட்டாலும் குழாயில் ஹெப்பாரின் நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும். தங்கள் ஆய்வகம் எந்தக் கிட்டைப் பயன்படுத்துகிறது என்று எக்மோ குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்த முரண்பாடே ஒரு செய்தி. ஏசிடி நீண்டு, ஆன்டி டென்-ஏ குறைவாக இருந்தால், ரத்தத்தில் ஹெப்பாரின் மிகையாக இல்லை. உறையவைக்கும் பொருள்கள்தான் குறைவு. அதற்கு மருந்து பிளேட்லெட்டும், பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோவும். ஆன்டி டென்-ஏ சரியாக இருந்து ஏபிடிடி மிக நீண்டிருந்தாலும் உறைவுக் காரணிகள்தான் குறைவு. ஹெப்பாரினை நீக்கிவிட்டு உறைவைப் பார்க்கும் டெக், ரோட்டெம் கருவி உள்ள இடங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். சர்வதேச எக்மோ அமைப்பான எல்சோவின் வழிகாட்டுதலும் ஒரே ஒரு மந்திர எண்ணைத் தருவதில்லை. குழந்தை, சர்க்யூட், குறைந்தது இரண்டு பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஜூனியர் டாக்டர் ஏசிடியை மட்டும் பார்த்து அட்டவணைப்படி ஹெப்பாரின் பம்பை ஏற்றி இறக்கும் முறை மாற வேண்டும் என்பதுதான் எங்கள் முதன்மையான வேண்டுகோள்.

ரத்தம் எடுக்கும் கையிலும் தவறு நடக்கும். ஹெப்பாரின் போகும் லைனிலோ, ஹெப்பாரின் கலந்த சலைன் ஓடும் லைனிலோ எடுத்த ரத்தம் பொய் சொல்லும். சிட்ரேட் குழாயில் குறியிட்ட கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. பாதி நிரப்பி அனுப்பினால் சிட்ரேட் மிகையாகி, நேரம் பொய்யாக நீளும். அதற்காகத் தாராளமாக எடுக்கவும் முடியாது. ஒரு நாளில் 12 தடவை 2 மில்லி எடுத்தால் 24 மில்லி. மூன்று கிலோ குழந்தையின் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஒரு மில்லி போதுமான குழந்தைகள் குழாய்களை வாங்கி வையுங்கள். பரிசோதனைகளை ஒரே நேரத்தில் சேர்த்து எடுங்கள்.

மருந்துக் குப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஹெப்பாரின் 5 மில்லி குப்பியாக வருகிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், மொத்தம் 5,000. இன்னொன்றில் மில்லிக்கு 5,000 யூனிட், மொத்தம் 25,000. அளவு ஒன்றே, பெட்டியில் இருக்கும்போது பார்வைக்கும் நெருக்கம். 50 மில்லி சிரிஞ்சில் 2,500 யூனிட் கலந்தால் மில்லிக்கு 50 யூனிட். மூன்று கிலோ குழந்தைக்கு மணிக்கு 84 யூனிட் வேண்டுமென்றால் பம்பில் 1.7 மில்லி. இதற்கு முதல் குப்பியிலிருந்து 2.5 மில்லி எடுக்க வேண்டும். கை மாறி இரண்டாவது குப்பியிலிருந்து அதே 2.5 மில்லியை எடுத்தால் ஐந்து மடங்கு போகும், பம்ப் 1.7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் குழந்தைகளுக்கான குறைந்த செறிவுக் குப்பி இருக்க வேண்டிய இடத்தில் பெரியவர்களுக்கான குப்பி வைக்கப்பட்டதால் மூன்று குறைமாதக் குழந்தைகள் இறந்தன. குழந்தைகள் ஐசியூவுக்குள் 25,000 யூனிட் குப்பி வரவே கூடாது. ஒரே செறிவு, சிரிஞ்சில் யூனிட் எழுதிய லேபிள், இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு: இதற்குச் செலவே இல்லை.

சர்க்யூட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும், முடிந்தால் மணிக்கொரு தடவையும், டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். வெள்ளை இழையாகத் தெரிவது ஃபைப்ரின், கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது கட்டி. இணைப்பு வளையம், மூன்று வழித் திருகு, ஆக்சிஜனேட்டரின் மூலைகள் போல ஓட்டம் தேங்கும் இடங்களில் முதலில் வரும். ஆக்சிஜனேட்டருக்கு முன்பக்கம் இருக்கும் சிறு கட்டி அதன் இழைகளில் வடிகட்டப்பட்டுவிடும், கவனித்துக்கொண்டிருக்கலாம். பின்பக்கம் இருப்பது அப்படியல்ல, ரத்தம் தமனி வழியாகத் திரும்பும் குழந்தைக்கு அதற்கும் மூளைக்கும் இடையே வேறு தடுப்பு கிடையாது. படத்தோடு குறித்து வைத்து, பெரிதாகிறதா, அசைகிறதா என்று அடுத்தவர் ஒப்பிட வேண்டும். ஓட்டம் மாறாமலே ஆக்சிஜனேட்டரின் முன்பின் அழுத்த வித்தியாசம் ஏறுவது, முழு ஆக்சிஜன் கொடுத்தும் அதைத் தாண்டிய ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 200க்குக் கீழே போவது, கட்டி சிதையும்போது ரத்தத்தில் வரும் டி-டைமர் திடீரென ஏறுவது, பிளேட்லெட் காரணமின்றிக் கரைவது, சிறுநீர் கோலா நிறமாவது, பம்பின் சத்தம் மாறுவது எல்லாம் உள்ளே கட்டி சேர்வதைச் சொல்கின்றன. இந்த நிலையில் ஹெப்பாரினைக் கூட்டி இருக்கும் கட்டியைக் கரைக்க முடியாது. ஹெப்பாரின் புதிய கட்டியைத் தடுக்குமே தவிரப் பழையதைக் கரைக்காது. சர்க்யூட்டை மாற்றுவதுதான் வழி. அதை நள்ளிரவில் அவசரமாகச் செய்வதைவிடப் பகலில் ஆள் இருக்கும்போது திட்டமிட்டுச் செய்வது எவ்வளவோ மேல்.

கசிவு வந்தால் ஹெப்பாரினைக் குறைக்கவோ நிறுத்தவோ தயங்க வேண்டாம். அதன் பாதி ஆயுள் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். ஓட்டத்தை உயர்வாக வைத்து, நிரப்பிய மாற்று சர்க்யூட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, பல மணி நேரம், சில குழந்தைகளுக்கு நாள்கணக்கிலும், ஹெப்பாரின் இல்லாமல் ஓட்ட முடிகிறது. புரோட்டமின் கொடுத்து முறிக்கும் ஆசை வரும். சர்க்யூட் ஓடும்போது அது பொதுவாகக் கூடாது, மொத்தமும் உறைந்துவிடலாம். கசியும் குழந்தைக்குப் பிளேட்லெட் 1,00,000க்கு மேலும், ஃபைப்ரினோஜன் 150க்கு மேலும் இருக்கட்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் கசிவு நிற்கவில்லையென்றால், பம்பின் சுழற்சியில், பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் புரதம் அறுபட்டுப்போயிருக்கலாம். கிரையோவில் அது உண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் தினமும் உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் எடுக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் குழந்தை தலைவலி என்று சொல்லாது.

ஹெப்பாரினுக்கு மாற்றான பைவாலிருடின் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. அதற்கு ஆன்டித்ராம்பின் துணை வேண்டாம், ரத்தத்தை உறையவைக்கும் நொதியான த்ராம்பினையே நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. பாதி ஆயுள் 25 நிமிடம். ஹெப்பாரினால் பிளேட்லெட் குறையும் குழந்தைக்கும், எவ்வளவு கொடுத்தாலும் எண் ஏறாத குழந்தைக்கும் நல்ல மாற்று. ஆனால் இதற்கு முறிவு மருந்து இல்லை, சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும், விலையும் அதிகம். முக்கியமான குறை வேறொன்று. ரத்தத்தில் உள்ள நொதிகளே இதைச் சிதைத்துவிடுவதால், ரத்தம் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே மருந்து தீர்ந்து கட்டி சேரும். சுருங்க மறுத்த இதயத்தின் அறையிலும், எக்மோவிலிருந்து விடுவிக்க ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கும் நேரத்திலும் இது நடக்கும். ஹெப்பாரினுக்குப் பழகிய குழு இதை அறியாமல் மாறினால் சிக்கல். கூடவே ஒன்று: ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது, பைவாலிருடின் செயற்கையாகத் தயாராவது. பெற்றோர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

செவிலியர்களின் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல. சதை ஊசி வேண்டாம், குதிகாலில் குத்த வேண்டாம், மலவாயில் வெப்பமானி வேண்டாம். மூக்கு வழிக் குழாயும் சிறுநீர்க் குழாயும் ஹெப்பாரினுக்கு முன்பே போட்டாக வேண்டும். சளி உறிஞ்சும் குழாயைச் சுவாசக் குழாயின் நுனியோடு நிறுத்த வேண்டும். தாண்டினால் நுரையீரலில் கசியும். ஹெப்பாரினுக்குத் தனி லைன். சிரிஞ்சு மாற்றும்போது அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

அரசிடமும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். குழந்தைகளுக்கு எக்மோ தொடங்கும் இடத்தில் ஆன்டி டென்-ஏ, ஃபைப்ரினோஜன் இரண்டும் ஞாயிறு நள்ளிரவிலும் கிடைக்க வேண்டும். வெளி ஆய்வகத்துக்கு ஆட்டோவில் அனுப்பி மறுநாள் முடிவு வாங்குவதாக இருந்தால், குழந்தையை அந்த வசதி உள்ள மையத்துக்கு முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. இயந்திரத்தை வாங்கும் பட்டியலிலேயே ஆய்வகத்தையும் ரத்த வங்கியையும் சேர்த்து எழுத வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது பிளேட்லெட். பை நிறைய ரத்தம் சேமித்து வைத்திருப்பதுபோல் இதைச் சேமிக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஐந்து நாள்தான் ஆயுள். எக்மோவில் இருக்கும் குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மில்லி வீதம் தினமும், சில நாள் இரண்டு தடவையும் தேவைப்படலாம். இயந்திரத்தின் மூலம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும் முறையில், கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 தடவை வரை அனுமதி உண்டு. அருகிலுள்ள ரத்த வங்கியில் உங்கள் ரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் பிளேட்லெட் கொடையாளர் என்று தனியாகப் பதிந்து வையுங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மூன்று நாள் கழித்து வாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், பெர்ஃப்யூஷனிஸ்டுகள் (எக்மோ இயந்திரத்தை இயக்குபவர்கள்), செவிலியர்கள்
சென்னை